நோன்பு திறக்கும் நேரம்

2003ஆம் ஆண்டு. நோன்பு விடுமுறை விடுவதற்கு முந்திய வாரம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்து எனக்கு இன்னும் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எட்டாம் ஆண்டு வகுப்பில் சமூகக் கல்விப் பாடம். கரும்பலகையில் ஒரு வட்டத்தைக் கீறி, அதற்கு மேலும் கீழும் ஒரு புள்ளி வைத்து, "துருவப் பிரதேசங்களில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு" என்று எழுதிவிட்டு, கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சேர், அங்க ஈக்கிற ஆக்கள் எப்பிடி நோன்பு புடிக்கிற? ஆறு மாசமும் பசியோட ஈக்கிறா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. எனக்கோ மணி அடிப்பதற்குள் இன்னும் ஒரு பக்கம் முடிக்க வேண்டியிருந்தது.

"அங்கே முஸ்லிம்கள் யாரும் இல்லை. இருந்தால்தானே நோன்பு! எழுது, எழுது" என்றேன்.

அவன் தலையைக் குனிந்து எழுதினான்.

இருபது வருடத்துக்கும் மேலாகப் படிப்பிக்கிறேன். எத்தனையோ பிழைகள் விட்டிருப்பேன். மற்றவை மறந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லை. உம்மா விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துத் தம்புள்ளை வீதியிலுள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து அவனையும் தங்கச்சியையும் வளர்த்தார். காலையில் கடைகளுக்குப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அவன் பள்ளிக்கூடம் வருவான். உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பேராதனைப் பல்கலைக்கழகம் போனான். 2014இல் ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருக்கிறது, நோர்வேக்குப் போகிறேன் என்றான். எந்த ஊர் என்று கேட்டேன். திரொம்சோ என்றான். அலுமாரியிலிருந்து தேசப்படப் புத்தகத்தை எடுத்து விரித்தோம். வட அகலாங்கு 69 பாகை 39 கலை. ஆர்க்டிக் வட்டம் 66 பாகை 33 கலையில். அதற்கும் மேலே இருந்தது அந்த ஊர்.

அவன் மெதுவாகச் சொன்னான்: "சேர், அங்க முஸ்லிம்கள் இல்லண்டுதானே நீங்க சொன்ன."

பதினொரு வருடமாக அவன் அதை மறக்கவில்லை. கேலியாகச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தேத்தண்ணி குடித்துவிட்டு, துஆச் செய்யுங்கள் சேர் என்று சொல்லிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு வருடம் அதே வரியைப் படிப்பித்த பிறகு!

எங்கள் பாடசாலையின் வராந்தா கிழக்குப் பார்த்தது. அதில் நின்றால் மரங்களுக்கு மேலாகச் சீகிரியாக் குன்று தெரியும். அதைப் பார்க்க உலகத்தின் எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருகிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் அதன் உச்சியில் அரண்மனை கட்டிய கதையைக் கேட்டுவிட்டு, படியேறி, ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அது விடிந்ததும் கண்ணில் படுகிற ஒரு கல். ஆனால் அதையே ஒரு பாடக் கருவியாகப் பாவிக்கலாம் என்று எனக்கு முன்பு தோன்றவில்லை.

அந்த வருடம் டிசம்பரிலிருந்து காலையில் நேரத்தோடு போய் வராந்தாவின் ஒரே தூணில் சாய்ந்து நின்று, சூரியன் எங்கிருந்து எழும்புகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். டிசம்பரில் குன்றுக்கு வலது பக்கமாக, நன்றாகத் தெற்கே தள்ளி எழும்பியது. மார்ச் 21 அளவில் குன்றின் பின்னாலிருந்தே வந்தது. அன்று எங்கள் வகுப்பறைக்கு வெயில் சற்றுத் தாமதித்துத்தான் வந்து சேர்ந்தது. ஜூனில் இடது பக்கம், வடக்கே போய்விட்டது. டிசம்பரின் உதய இடத்துக்கும் ஜூனின் உதய இடத்துக்கும் இடையில் 47 பாகைக்குச் சற்றுக் கூடிய கோணம். சூறா அர்ரஹ்மானில் கிழக்கும் மேற்கும் இரண்டிரண்டாகச் சொல்லப்படுவதற்கு விரிவுரையாளர் பலர் கோடையின் உதய இடம், மாரியின் உதய இடம் என்றே பொருள் கூறியிருக்கிறார்கள். சிறு வயதிலிருந்து ஓதி வருகிற சூறா. அதன் பொருளைக் குன்றின் இரு பக்கத்திலும் வைத்துப் பார்க்க எனக்கு முப்பத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

காரணம் எல்லோரும் படித்ததுதான். பூமியின் அச்சு நிமிர்ந்து நிற்கவில்லை, 23.4 பாகை சரிந்திருக்கிறது. அந்தச் சரிவை மாற்றாமலே அது சூரியனைச் சுற்றி வருகிறது. ஜூனில் வட துருவம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பரில் மறுபக்கம் சாய்ந்திருக்கும். ஒரு தோடம்பழத்தில் ஈர்க்குச்சியைக் குத்திச் சரித்துப் பிடித்து, மெழுகுதிரியைச் சுற்றிக் கொண்டுவந்தால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும். சுற்றும்போது குச்சியின் சரிவு மட்டும் மாறக்கூடாது. பழத்தை உருட்டிப் பார்த்தால், ஒரு பக்கத்தில் மேல் முனை வெளிச்சத்தை விட்டுப் போகவே போகாது. எதிர்ப் பக்கத்தில் அதே முனை இருட்டை விட்டு வராது.

நாங்கள் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட, 8 பாகை வடக்கில் இருக்கிறோம். ஆகவே சரிவு எங்களை அதிகம் தொடுவதில்லை. எங்கள் ஊரின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 35 நிமிடம். மிகக் குறுகிய பகல் 11 மணி 39 நிமிடம். வருடம் முழுவதும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த வித்தியாசம். பகல் மிக வேகமாக வளரும் மார்ச் மாதத்திலும் ஒரு நாளைக்கு அரை நிமிடம்கூடக் கூடுவதில்லை. அதே நாட்களில் திரொம்சோவில் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது நிமிடம் கூடுகிறது. ஒரு வாரத்தில் ஒரு மணித்தியாலம்! எங்களுக்கு ஒரு வருடத்தில் நடப்பது அவர்களுக்கு ஒரு கிழமையில் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டிப் போகப் போக, சூரியன் மறையாத நாட்களும் எழும்பாத நாட்களும் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு போகும். திரொம்சோவில் மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவு வரை, இரண்டு மாதம், சூரியன் மறைவதில்லை. நவம்பர் 27 அளவிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை எழும்புவதில்லை. ஆறு மாதம், ஆறு மாதம் என்பது துருவப் புள்ளிக்கு மட்டுமே உரிய கணக்கு. அங்கே யாரும் ஊர் கட்டி வாழவில்லை. நான் கரும்பலகையில் எழுதிய வரி ஒரு புள்ளிக்கு உரியதை ஒரு முழுப் பிரதேசத்தின் தலையில் கட்டிய வரி.

அவன் அங்கே போன முதல் மாரி கடினமாக இருந்தது. நவம்பர் இறுதியில் ஒரு நாள் சூரியனின் விளிம்பு மட்டும் தெரிந்ததாம், பிறகு இல்லை. முழு இருட்டு என்று நினைத்துவிடக்கூடாது. டிசம்பர் நடுப்பகலிலும் அங்கே சூரியன் அடிவானத்துக்கு மூன்று பாகைதான் கீழே நிற்கிறது. அதனால் நண்பகலை ஒட்டிச் சில மணித்தியாலம் ஒரு நீல வெளிச்சம் வரும். எங்கள் ஊரில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் இருக்குமே, அந்த வெளிச்சம். வளைகுடாவிலிருந்து வரும் சூடான கடல் நீரோட்டத்தால் அங்கே துறைமுகமும் உறைவதில்லை. ஆனால் அந்த நீலம் போன பிறகு பின்னேரம் இரண்டு மணிக்கே இரவாகிவிடும்.

அவனுக்கு நித்திரை குழம்பிவிட்டது. இரவில் விழித்திருந்து பகலில் தூங்கினான். விரிவுரைகளைத் தவறவிட்டான். உம்மாவுடன் பேசும்போது மட்டும் குரலை நிமிர்த்திக்கொள்வானாம். என்னிடம் ஒரு நாள் சொன்னான்: "சேர், எப்ப ஸுபஹு, எப்ப லுஹர் எண்டு உடம்புக்குத் தெரியுதில்ல. போன் சொல்லித்தான் தெரியுது." அதற்கு நான் என்ன சொல்ல? குளிருக்கு நல்லா உடுத்துக்கொள் என்று சொன்னேன்.

அவனுக்கு உதவியது நான் அல்ல. யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர். 1980களில் யாழ்ப்பாணத்து ஆட்கள் பலர் நோர்வேயின் வட கோடியில் பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீனை வெட்டிப் பொதி செய்கிற அந்த வேலையில்தான் அந்தப் பனிக் கிராமங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஊன்றின. அப்படி வந்து முப்பது வருடமாகிவிட்ட ஒருவரைத் திரொம்சோவில் கடையொன்றில் சந்தித்திருக்கிறான். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. முதலில் பேசத் தயங்கினானாம். அவர் இவனுடைய முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "முதல் இருட்டோ தம்பி?" என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய், தன்னிடமிருந்த பிரகாசமான மேசை விளக்கொன்றைக் கொடுத்து, காலையில் எழும்பியதும் அதற்கு முன்னால் அரை மணித்தியாலம் இருக்கச் சொல்லியிருக்கிறார். மீனெண்ணெய் குடி, வெளிச்சம் வருகிற நேரத்தில் அறைக்குள் கிடக்காமல் வெளியே நட என்றாராம். இவன் நடந்தான். ஜனவரி 21 அங்கே சூரிய நாள். மலைகளுக்கு மேலாகச் சூரியன் மறுபடி தெரியத் தொடங்கும் அந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் வெளியே வந்து பார்ப்பார்கள்; இனிப்புப் பணிஸ் தின்பார்கள். அவனும் அந்த அண்ணரும் துறைமுகத்தில் நின்று பார்த்தார்கள். சில நிமிடம்தான் தெரிந்ததாம். படம் அனுப்பியிருந்தான். படத்தில் சூரியன் சரியாக விழவில்லை. இரண்டு பேருடைய பற்களும் தெரிந்தன.

இருட்டு அப்படிக் கழிந்தது. அதற்குப் பிறகு வந்தது வெளிச்சம்.

2015இல் றமழான் ஜூன் 18 அளவில் தொடங்கியது. வருடத்தின் மிக நீண்ட பகல் வருகிற அதே வாரம். ஒரு நாள் ஸஹருக்கு எழும்பியிருந்தோம். மூன்றரை மணி இருக்கும். போன் அடித்தது. அங்கே நள்ளிரவு 12 மணி. போன் திரையில் அவன் முகம் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் யன்னல், யன்னலில் வெயில். அங்கே அந்நேரம் சூரியன் வட திசையில், அடிவானத்துக்கு மூன்று பாகை மேலே நிற்கும். டிசம்பர் நண்பகலில் எத்தனை பாகை கீழே நின்றதோ ஜூன் நள்ளிரவில் அத்தனை பாகை மேலே. என்னுடைய மனைவி எட்டிப் பார்த்து, "அல்லாஹ், இது என்ன நேரம் அங்க?" என்றார்.

"சேர், ஒரு விசயம் கேக்கோணும். உம்மாக்குச் சொல்லாதீங்க" என்றான்.

ஊரில் பள்ளிவாசல் இருக்கிறது. பல நாட்டு முஸ்லிம்களும் வருகிறார்கள். சூரியன் மறையாத காலத்தில் அவர்கள் மக்காவின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மக்காவில் காலை எத்தனை மணிக்கு நோன்பு தொடங்கி மாலை எத்தனை மணிக்கு முடிகிறதோ, அதே மணிக் கணக்கை நோர்வேக் கடிகாரத்தில் பார்க்கிறார்கள். மாலை ஏழு மணி கடந்ததும் திறக்கிறார்கள். இவனும் முதல் நாள் அவர்களோடு போய் இருந்திருக்கிறான். பாங்கு சொன்னது. எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். இவனால் எடுக்க முடியவில்லை.

"வெளிய நல்ல வெயில் சேர். நம்மட ஊர்ல நாலு மணி மாதிரி. வாயில வெக்க ஏலாமப் போச்சி. களவா திண்ட மாதிரி. எல்லாரும் திறந்த பொறகு நான் சும்மா தண்ணிய எடுத்து உதட்ட நனச்சேன். ரூமுக்கு வந்து ராவைக்கு பதினொரு மணிக்குத்தான் திண்டேன். அப்பவும் வெயில்தான். அப்ப அது என்ன கணக்கு? ரெண்டாம் நாள் நான் நோன்பே புடிக்கல்ல சேர்."

பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "என்ட நோன்பு கூடுமா, கூடாதா?"

எட்டாம் ஆண்டில் கேட்ட அதே கேள்வி. அன்றைக்குச் சிரித்து முடித்துவிட்டேன். இன்றைக்குச் சிரிக்க முடியாது. நான் மௌலவி அல்ல என்றேன். கேட்டுச் சொல்கிறேன், நாளைக்கு இதே நேரத்துக்கு எடு என்றேன்.

ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு வியப்பு ஒன்றும் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் நவ்வாஸ் இப்னு ஸம்ஆன் (ரலி) அறிவிக்கும் நீண்ட ஹதீஸைச் சொன்னார். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போலவும், ஒரு நாள் ஒரு மாதம் போலவும், ஒரு நாள் ஒரு வாரம் போலவும் நீளும் என்று நபியவர்கள் சொன்னபோது, அந்த வருடம் போன்ற நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, அதன் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. "அவங்க பாலைவனத்துல ஈந்து கேட்ட கேள்வி மாஸ்டர். இண்டைக்கி உங்கட மாணவன்ட கேள்விக்கு அதுதான் ஆதாரம்" என்றார் மௌலவி. இரவும் பகலும் பிரிந்து தெரிகிற இடத்தில் சூரியனைப் பார்க்க வேண்டும். பிரியாத இடத்தில் கணக்கிட வேண்டும். கணக்கிடுவதில் அருகிலுள்ள ஊரை எடுப்பதா, மக்காவை எடுப்பதா என்று உலமாக்களிடையே கருத்துகள் உண்டு. "அவன் தனியா ஒரு கணக்கு வெக்க வேணாம். அந்த ஊர் ஜமாஅத் எதுல ஈக்கோ அதுல ஈக்கச் சொல்லுங்க. விட்ட நோன்பக் களாச் செய்யச் சொல்லுங்க" என்று முடித்தார்.

ஸஹாபாக்கள் கேட்ட கேள்வியை யாரும் சிரித்து அடக்கவில்லை என்பதுதான் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

பிறகு தேடிப் பார்த்தபோது இது ஆயிரம் வருடத்துக்கு முந்திய பிரச்சினை என்று தெரிந்தது. அப்பாஸிய கலீபா அல்முக்ததிரின் தூதுக் குழுவில் 921இல் பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு பள்லான், அடுத்த வருடம் வொல்கா ஆற்றங்கரையிலுள்ள புல்காருக்குப் போய்ச் சேர்ந்தார். இஷாவுக்குப் பாங்கு சொல்வார்கள் என்று கூடாரத்தில் பேசிக்கொண்டிருந்தவருக்குக் கேட்டது ஸுபஹுப் பாங்கு! ஸுபஹு தவறிவிடும் என்ற பயத்தில் தான் இரவில் தூங்குவதையே விட்டுவிட்டதாக முஅத்தின் அவரிடம் சொன்னார். 1344இல் நமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதாவும் தமது பயண நூலில் புல்கார் நோன்பைப் பற்றி எழுதியிருக்கிறார். நோன்பு திறந்து, இஷாவும் தராவீஹும் தொழுது முடிய விடிந்துவிட்டதாம். அவர் அங்கே உண்மையில் போனாரா என்பதில் ஆய்வாளருக்கு ஐயம் இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி அக்காலத்து முஸ்லிம்களிடையே உலவியது என்பதில் ஐயமில்லை. புல்கார் 55 பாகை அளவில்தான் இருக்கிறது. அதற்கே இப்படி. கனடாவின் வட கோடியில் இனுவிக் என்ற ஊரில், அதுவும் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேதான், 2010இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. வின்னிபெக்கில் கட்டி, லொறியிலும் தெப்பக் கப்பலிலும் ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்குள்ளவர்கள் தெற்கேயுள்ள எட்மன்டன் நகரத்தின் நேரத்துக்கு நோன்பு பிடிக்கிறார்கள்.

அங்கே முஸ்லிம்கள் யாரும் இல்லை என்று சொன்னவன் நான்.

கடிகாரத்தை நம்பித் தண்ணீரை வாயில் வைக்க அவனால் ஏன் முடியவில்லை என்பது எனக்கு விளங்கியது. எங்கள் தலைமுறைக்கு அந்த அனுபவம் கொஞ்சம் உண்டு. 1996இல் வரட்சி, நீர்மின் நிலையங்களில் தண்ணீர் இல்லை, நாட்டில் மின்வெட்டு. மே 25 அன்று அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. நான் அப்போது உயர்தர மாணவன். காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் வெளியே இருட்டு. எங்கள் பகுதியில் யானைப் பயம் வேறு. டோர்ச் லைட்டோடு கூட்டமாகப் போவோம். ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. பத்து வருடமாக ஊரில் யார் நேரம் சொன்னாலும் "புது நேரமா, பழைய நேரமா?" என்று ஒரு கேள்வி இருந்தது. பள்ளிவாசலில் மட்டும் குழப்பம் இல்லை. கடிகாரத்தில் என்ன எண் இருந்தாலும் முஅத்தினார் சூரியனைக் கணக்கெடுத்துத்தான் பாங்கு சொன்னார். சூரியன் இருந்தது, ஆகவே கடிகாரத்தைச் சந்தேகிக்க முடிந்தது. திரொம்சோவில் இருந்த பிள்ளைக்கு, வானத்தில் இருக்கிற சூரியனைத் தள்ளிவைத்துவிட்டு ஓர் எண்ணை நம்ப வேண்டியிருந்தது. குன்றுக்குப் பின்னால் விடிவதையும், இந்தப் பக்கம் காட்டுக்குள் மறைவதையும் பார்த்து நோன்பு பழகிய பிள்ளைக்கு அது இலகுவல்ல.

அடுத்த நாள் ஸஹருக்கு அவன் எடுத்தபோது மௌலவி சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நான் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "எட்டாம் ஆண்டில் நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன். ஒரு மாணவனிடம் அதைச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அவன் "ஐயோ சேர், அது அப்ப" என்றான். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

உம்மாவுக்குச் சொல்லாதே என்றிருந்தான். ஆனால் அவனுடைய உம்மா விஷயம் தெரியாமலே என்னிடம் வந்துவிட்டார். இரண்டு நாளாகப் பிள்ளையின் குரல் சரியில்லையாம். "நோன்பு திறந்தியாண்டு கேட்டா ஓண்டு சொல்றான் சேர். எத்தின மணிக்கிண்டு கேட்டா சொல்றானில்ல." எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சூரியன் மறையாத கதையைத் தோடம்பழமும் ஈர்க்குச்சியும் வைத்தே விளங்கப்படுத்தினேன். வகுப்பில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. முடிந்ததும் பழத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப மாரி காலத்துல அவன் இருட்டுலயா ஈந்தான்?"

"ஓம்."

"எனக்கிட்டச் சொல்லல்ல." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் அங்க ஏழு மணிக்கித் திறக்கக்குள்ள நமக்கு எத்தின மணி?"

பத்தரை தாண்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

விடியப்புறம் மூன்று மணிக்கே இடியப்ப மாப் பிசைய எழும்ப வேண்டியவர். தராவீஹ் முடிந்தால் படுத்துவிடுவதுதான் வழக்கம். அந்த நோன்பு முழுவதும் பத்தரை மணி வரை அவர் வீட்டில் விளக்கு எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் திறந்துவிட்டேன் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் அணையும். அவனுக்கும் அது ஒரு ஒழுங்கைக் கொடுத்திருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே வெயில் இருந்தாலும், ஊரில் உம்மா இருட்டில் காத்திருக்கிறார் என்பது தெரிந்த பிறகு அந்த ஏழு மணி அவனுக்கு வெறும் எண்ணாக இருந்திருக்காது. இது என் ஊகம்தான், நான் கேட்கவில்லை. மீதி நோன்பை முழுவதும் பிடித்தான். விட்டதைச் செப்டெம்பரில், இரவும் பகலும் எல்லா ஊரிலும் சமமாகிற நாட்களில், களாச் செய்தான். அன்றைக்கு அங்கேயும் எங்கேயும் சூரியன் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் நின்று, ஒழுங்காக மறைந்தது. "நம்மட ஊர் நோன்பு மாதிரி ஈந்திச்சி சேர்" என்று எழுதியிருந்தான்.

இப்போது அவன் நோர்வேயிலேயே, தெற்கே வேறோர் ஊரில் வேலை செய்கிறான். அங்கே சூரியன் தினமும் எழும்பி மறைகிறது. 2030இல் ஜனவரி தொடக்கத்திலும் டிசம்பர் இறுதியிலுமாக ஒரே ஆண்டில் இரண்டு முறை றமழான் தொடங்கும். அப்போது வடக்கே இருப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழாக வரும். மறையாத சூரியனுக்குப் பதிலாக எழும்பாத சூரியன்.

துருவப் பாடம் வருகிறபோது நான் இப்போது பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் குன்றைக் காட்டித்தான் தொடங்குகிறேன். ஏப்ரல் 11 அளவில் நண்பகல் 12 மணி கடந்து சில நிமிடத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழல் காலடிக்குள் ஒடுங்குவதைப் பார்க்கச் சொல்கிறேன். வருடத்தில் இரண்டு நாள் சூரியன் எங்கள் தலைக்கு நேரே வருகிறது; மற்றது செப்டெம்பர் தொடக்கத்தில். துருவத்தில் இருப்பவனுக்கு அது ஒருநாளும் கிடைக்காது. ஆனால் வருடக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் உலகத்தின் எந்த ஊருக்கும் கிடைக்கிற பகல் ஏறத்தாழ ஒரே அளவுதான். எங்களுக்குத் தினம் தினம் பிரித்துத் தரப்படுகிறது. அவர்களுக்கு மொத்தமாகத் தந்து, மொத்தமாக எடுக்கப்படுகிறது. இந்த இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் அமைதியாவார்கள். பிறகு கேள்விகள் வரும்.

போன தவணை ஏழாம் ஆண்டில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், சூரியன் மறையாட்டி அங்க பெருநாளுக்குப் பிறை பாக்கிற எப்பிடி?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவனை இருக்கச் சொன்னேன். எனக்குச் சரியாகத் தெரியாது மகள், கேட்டுக்கொண்டு வந்து நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவே நோர்வேக்குப் போன் எடுத்தேன்.